கார் நிறைய மின்சாரம், கதவு திறக்காது!

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பாலைவனப் பிரதேசம். கோடையில் வெயில் நெருப்பாகக் கொளுத்தும்.

அங்கே ஸ்காட்ஸ்டேல் என்ற நகரில், 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சம்பவம் நடந்தது.

ஒரு பாட்டி, தன் பேத்தியை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போகப் புறப்பட்டார். பேத்திக்கு வயது 20 மாதம். பாட்டியிடம் இருந்தது டெஸ்லா கம்பெனியின் "மாடல் ஒய்" என்ற மின்சாரக் கார். குழந்தையைக் காருக்குள் உட்காரவைத்து வாரை மாட்டினார். கதவைச் சாத்தினார். சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்துக்கு வந்தார்.

அதற்குள் கார் செத்துவிட்டது!

கதவைத் திறக்கும் டெலிபோனைக் காட்டினார். கதவு அசையவில்லை. சாவிக்குப் பதிலாகக் கொடுத்திருந்த அட்டையைக் காட்டினார். அப்போதும் அசையவில்லை. குழந்தை உள்ளே, பாட்டி வெளியே, நடுவில் கண்ணாடி!

தீயணைப்புப் படைக்குத் தகவல் போனது. வீரர்கள் வந்தார்கள். அவர்களாலும் கதவைத் திறக்க முடியவில்லை. கடைசியில் கோடரியால் கண்ணாடியை உடைத்தார்கள். குழந்தை பிழைத்தது.

பூட்டு கெட்டுப்போகவில்லை. சாவி தொலையவில்லை. பின் ஏன் கதவு திறக்கவில்லை? மின்சாரக் கார் வைத்திருக்கிறவர்களும், அதில் ஏறிப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒரு காருக்கு இரண்டு பாட்டரி

மின்சாரக் காரில் இரண்டு பாட்டரிகள் உண்டு.

ஒன்று, பெரிய பாட்டரி. இது காரின் அடிப்பாகத்தில், ஆசனங்களுக்குக் கீழே, பாய் விரித்ததுபோல் இருக்கும். காரை ஓட்டும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது இதுதான். பல கார்களில் இதன் சக்தி சுமார் 400 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மற்றொன்று, சின்ன பாட்டரி. இதன் சக்தி வெறும் 12 வோல்ட். பெட்ரோல் கார்களில் இருக்கிறதே, அதே மாதிரியான பாட்டரி. விளக்கு, ஹாரன், கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தான், காரின் கம்ப்யூட்டர் எல்லாம் இதில்தான் வேலை செய்கின்றன. கதவுப் பூட்டும் அப்படித்தான்.

பெரிய பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு தடித்த சுவிட்சு உண்டு. காரை நிறுத்தியதும் அந்தச் சுவிட்சு தானாகத் திறந்துகொள்ளும். பெரிய பாட்டரியின் தொடர்பு அறுந்துவிடும். 400 வோல்ட் என்பது ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம். நின்றுகொண்டிருக்கும் காரில் அது ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மறுபடி அந்தச் சுவிட்சை மூடுவது யார்? சின்ன பாட்டரிதான்!

அது செத்துவிட்டால், பெரிய பாட்டரியில் நூற்றுக்கு நூறு மின்சாரம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது. ஆனால் திறவுகோல் பத்தாயத்துக்குள் விழுந்துவிட்டது! அதுதான் கதை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய பாட்டரி தீர்ந்து கார் நடுவழியில் நின்றாலும், சின்ன பாட்டரி உயிரோடு இருக்கும்வரை கதவு திறக்கும். ஆகவே, கதவு விஷயத்தில் எஜமானன் சின்ன பாட்டரிதான்.

"சார்ஜர் வயரைச் சொருகினால் கார் விழித்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். பொதுவாக விழித்துக்கொள்ளாது. சார்ஜ் ஏறுவதற்கும் காரின் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அதற்கும் சின்ன பாட்டரிதான் வேண்டும்.

சின்ன பாட்டரி ஏன் சாகிறது?

கார் ஓடும்போது, பெரிய பாட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இறங்கி, சின்ன பாட்டரியை நிரப்பும். நிற்கும்போதும், பல கார்கள் அவ்வப்போது விழித்துச் சின்ன பாட்டரிக்குத் தீனி போட்டுவிட்டுத் தூங்கும்.

அப்படியும் அது சாவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதல் காரணம், முதுமை. ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். வெயில் அதிகமான ஊரில் ஆயுள் இன்னும் குறையும்.

இரண்டாவது, காரை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பது. மூன்றாவது, உள்ளே விளக்கையோ, பிறகு மாட்டிய காமிரா போன்ற கருவியையோ அணைக்காமல் விடுவது. நான்காவது, பெரிய பாட்டரியே அடிமட்டத்துக்குப் போய்விடுவது. அப்போது சின்ன பாட்டரிக்குத் தீனி போட ஆள் இல்லை.

பெட்ரோல் காரில் பாட்டரி சாகப்போகிறது என்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் "கிர்... கிர்..." என்று முனகும். இன்னும் சில நாளில் படுத்துவிடும் என்று புரிந்துகொள்ளலாம். மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. முனகலும் இல்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய கார் இன்று காலையில் கல்லாகி நிற்கும்.

பல கார்கள் "பாட்டரியை மாற்று" என்று திரையில் எச்சரிக்கை காட்டும். ஆனால் எச்சரிக்கையே வராமல் பாட்டரி படுத்துவிடுவதும் உண்டு. ஸ்காட்ஸ்டேல் பாட்டி தமக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றுதான் சொன்னார்.

கைப்பிடியும் பொத்தானும்

பழைய கார்களில் கதவின் கைப்பிடியை இழுத்தால், ஒரு கம்பி அசையும். கம்பி அசைந்தால் கொக்கி விலகும். கதவு திறக்கும். மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

புதிய கார்கள் பலவற்றில் இந்தக் கம்பி இல்லை. வெளியே கைப்பிடியை இழுத்தால் அது வெறும் பொத்தான். கம்ப்யூட்டருக்குச் சேதி போகும். கம்ப்யூட்டர் உத்தரவு போடும். ஒரு சின்ன மோட்டார் கொக்கியை விலக்கும்.

2012-ம் ஆண்டு டெஸ்லா கம்பெனி "மாடல் எஸ்" என்ற காரைக் கொண்டுவந்தது. அதில் கைப்பிடி கதவோடு கதவாகப் பதிந்திருந்தது. சாவியோடு ஆள் வந்தால் வெளியே நீண்டுவரும். பார்க்க அழகு. காற்றும் தடைபடாது. மற்றக் கம்பெனிகளும் பின்னாலேயே போயின. அழகு வந்தது, கூடவே தொல்லையும் வந்தது.

ஆனால் எல்லாக் கார்களும் ஒரே மாதிரி இல்லை. பூட்டிய காருக்குள் போக இரண்டு வழிகள் உண்டு. உங்கள் காருக்கு எது என்பதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் வழி: ஒளிந்திருக்கும் சாவி

நிசான் கம்பெனியின் "லீஃப்" காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த கார் இது. இதன் சாவி, பொத்தான்கள் வைத்த சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும்.

அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது! பெட்டியின் பின்புறத்தில் உள்ள சின்னத் தாழை நகர்த்தி இழுத்தால் சாவி கையோடு வரும். டிரைவர் பக்கத்துக் கதவில் சாவித் துவாரம் உண்டு. சாவியை நுழைத்துத் திருப்பினால் கதவு திறக்கும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம்.

வேறு பல கம்பெனிகளின் மின்சாரக் கார்களிலும் இதே ஏற்பாடு உண்டு. சிலவற்றில் சாவித் துவாரம் கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சின்ன மூடிக்குள் மறைந்திருக்கும். மூடியை நெம்பி எடுத்தால் துவாரம் தெரியும்.

உள்ளே போனதும், டிரைவர் காலடிப் பக்கம் இருக்கும் பிடியை இழுத்தால் முன்பக்கத்துப் பானெட் திறக்கும். "லீஃப்" காரில் சின்ன பாட்டரி அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் கார் விழித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். பொத்தானை அமுக்கியும் கதவு திறக்காவிட்டால், செத்தது கார் பாட்டரி என்று எப்படித் தெரியும்? சாவிப் பெட்டிக்குள் காசு வடிவத்தில் ஒரு குட்டிப் பாட்டரி உண்டு. அது தீர்ந்தாலும் கதவு திறக்காது. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை அமுக்கிப் பாருங்கள். அதற்குத் திறந்தால் குற்றம் குட்டிப் பாட்டரியுடையது. கடையில் புதிதாக வாங்கிப் போட்டால் போதும்.

இரண்டாவது வழி: வெளியிலிருந்து மின்சாரம்

டெஸ்லாவின் "மாடல் 3", "மாடல் ஒய்" கார்களில் சாவித் துவாரமே கிடையாது. எந்தக் கதவிலும் இல்லை. அப்படியானால்?

முன்பக்கத்துப் பம்பரைப் பாருங்கள். அங்கே சின்ன மூடி ஒன்று இருக்கும். காரைக் கட்டி இழுக்க வேண்டி வந்தால் கொக்கி மாட்டுகிற இடம் அது. மூடியின் ஓரத்தை அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு வரும். உள்ளே இரண்டு வயர்கள் இருக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

12 வோல்ட் பாட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, சிவப்பு வயரைப் பிளஸ் முனையோடும், கறுப்பு வயரை மைனஸ் முனையோடும் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் முன்பக்கத்துப் பானெட்டின் கொக்கி விலகும். இந்த வயர்களுக்கு அவ்வளவுதான் வேலை. இவற்றின் வழியாகப் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது.

பானெட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் மூடுபலகையை எடுத்தால், சின்ன பாட்டரி தெரியும். அதன் முனைகளுக்கு வெளி மின்சாரம் கொடுக்க வேண்டும். கார் விழிக்கும். அதன் பிறகு அட்டையையோ டெலிபோனையோ காட்டினால் கதவு திறக்கும்.

மூடி இருக்கும் இடமும் திறக்கும் முறையும் காருக்குக் கார் மாறும். காரோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அதன்படியே செய்ய வேண்டும்.

இந்த வேலைக்கென்றே கையடக்கமான பாட்டரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதை வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பெட்டியைக் காருக்குள் வைத்துப் பூட்டினால், வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்காது! வீட்டிலோ, எளிதில் எடுக்கக்கூடிய இடத்திலோ வையுங்கள்.

எச்சரிக்கை! பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் காரின் கருவிகள் கருகிவிடும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் கண்ணில் பட்டால் தொடவே கூடாது. பெரிய பாட்டரியின் மின்சாரம் போகும் பாதை அது. பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கை அழைப்பதே மேல்.

உள்ளே குழந்தை இருந்தால்?

மேலே சொன்னதெல்லாம் கார் காலியாக இருந்தால்தான். உள்ளே குழந்தை இருந்தால் கதையே வேறு. அப்போது சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

வெயிலில் நிற்கும் கார் ஓர் அடுப்பு. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும். சூடு வெளியே வராது. 10 நிமிஷத்தில் காருக்குள் சுமார் 11 டிகிரி சென்டிகிரேட் சூடு ஏறிவிடும். வெளியே 35 டிகிரி என்றால், உள்ளே 46 டிகிரி! கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி காட்டியது.

குழந்தையின் உடம்பு, பெரியவர்கள் உடம்பைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். உடம்புச் சூடு 40 டிகிரியை எட்டினால் வெப்பத் தாக்கு ஆரம்பிக்கும். 42 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவில் மட்டும், சூடான காருக்குள் இருந்து இறக்கும் குழந்தைகள் 1998 முதல் சராசரியாக ஆண்டுக்கு 37 பேர். இவர்களில் பெரும்பாலோர் மறதியாக விடப்பட்டவர்கள். கதவு திறக்காததால் அல்ல. ஆனால் சூட்டுக்குக் காரணம் தெரியாது. மறந்து விட்ட காரும் ஒன்றுதான். திறக்க மறுத்த காரும் ஒன்றுதான்.

ஆகவே, யோசிக்காதீர்கள். ஒருவர் 112-க்கு டெலிபோன் செய்யட்டும். இன்னொருவர் கண்ணாடியை உடைக்கட்டும்.

குழந்தை இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரத்தில் முடியுமோ, அந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக் கண்ணாடியை உடையுங்கள். முன்கண்ணாடியைத் தொடாதீர்கள். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்துச் செய்தது. விரிசல் விடும், விழாது. சில புதிய கார்களில் முன்கதவுக் கண்ணாடியும் இதே ஜாதி. அது உடையாவிட்டால், பின்கதவுக் கண்ணாடிக்குப் போங்கள்.

நடுவில் அடிக்காதீர்கள். கீழ் மூலையில் அடியுங்கள். கூரான இரும்பு நல்லது. டயர் கழற்றும் ஸ்பானர் போன்ற கனமான கருவியும் உதவும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கண்களை மறைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பக்கக் கண்ணாடி, கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிரும்.

கண்ணாடி போனால் பணம் போகும். பணத்தை நாளைக்குச் சம்பாதிக்கலாம்.

உள்ளேயிருந்து வெளியே வர

உள்ளே பெரியவர்கள் மாட்டிக்கொண்டால் அவர்களே திறந்துகொள்ள வழி உண்டு. "மாடல் 3", "மாடல் ஒய்" கார்களின் முன்கதவில், கண்ணாடி இறக்கும் பொத்தான்களுக்கு முன்னால் ஒரு பிடி இருக்கிறது. அதை மேலே தூக்கினால் கதவு திறக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம்.

பின்கதவில்தான் சிக்கல். சில "மாடல் ஒய்" கார்களில், பின்கதவுப் பையின் அடியில் விரிப்பை எடுத்து, ஒரு மூடியைத் திறந்து, அதற்குள் இருக்கும் கம்பி வடத்தை இழுக்க வேண்டும். சில கார்களில் அதுவும் கிடையாது. 20 மாதக் குழந்தை இதை எப்படிச் செய்யும்? வாரில் கட்டியிருக்கும் குழந்தைக்குக் கையே எட்டாதே!

அரசாங்கங்கள் விழித்தன

இந்த மாதிரிப் புகார்கள் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. 2025-ம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணையில் இறங்கியது. 2021-ம் ஆண்டுத் தயாரிப்பான சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம் "மாடல் ஒய்" கார்கள் விசாரணைக்கு உள்ளாயின. கதவு வெளியிலிருந்து திறக்காமல் போனதாக வந்த 9 புகார்கள் இதற்குக் காரணம். குழந்தையை உள்ளே உட்காரவைத்த பிறகு, அல்லது வெளியே எடுக்கப் போனபோது, கதவு திறக்கவில்லை என்று பெற்றோர் எழுதியிருந்தார்கள். 4 பேர் கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

சீன அரசாங்கம் ஒரு படி மேலே போனது. மின்சாரம் இல்லாவிட்டாலும் கதவு திறக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் கையால் திறக்கும் கைப்பிடி இருந்தே தீர வேண்டும் என்று 2026-ம் ஆண்டு சட்டம் போட்டது. புதிய கார்களுக்கு அது அமலாகும் தேதி 2027 ஜனவரி 1.

நூறு ஆண்டுகளாக இருந்த சாதாரணக் கைப்பிடியை, சட்டம் போட்டுத் திரும்ப அழைத்துவர வேண்டியிருக்கிறது!

இன்றே செய்ய வேண்டியவை

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பது என்ன?

1. காரோடு கொடுத்த புத்தகத்தை எடுங்கள். "பாட்டரி செத்தால் கதவைத் திறப்பது எப்படி" என்ற பக்கத்தைப் படியுங்கள். டெலிபோனில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். புத்தகம் காருக்குள் மாட்டிக்கொண்டால் படம் உதவும்.

2. ஒளிந்திருக்கும் சாவியை ஒரு முறை வெளியே எடுத்து, கதவைத் திறந்து பாருங்கள். வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். தாத்தா, பாட்டிக்கும் சொல்லுங்கள்.

3. உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் ஆசனத்திலும் உட்கார்ந்து பாருங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

4. சின்ன பாட்டரிக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். 3 ஆண்டு தாண்டிவிட்டால், ஒவ்வொரு சர்வீஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள். பெரிய பாட்டரியின் விலையோடு பார்த்தால் சின்ன பாட்டரியின் விலை கொசுறு.

5. திரையில் பாட்டரி எச்சரிக்கை வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மாற்றும்வரை குழந்தைகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.

6. குழந்தையை உள்ளே உட்காரவைத்ததும் எல்லாக் கதவையும் சாத்திவிட்டுச் சுற்றி வராதீர்கள். டிரைவர் பக்கத்துக் கதவை முதலில் திறந்து வையுங்கள். பிறகு குழந்தையின் கதவைச் சாத்துங்கள். ஒரு கதவு திறந்திருந்தால் எந்தப் பாட்டரி செத்தாலும் கவலை இல்லை.

ஆறாவது யோசனைக்குக் காசு செலவில்லை. கருவி வேண்டாம். மெக்கானிக் வேண்டாம். இன்று சாயந்திரமே ஆரம்பிக்கலாம்.